ஈயச் சிப்பாயின் முகம்

டங்கென்று ஏதோ விழுந்தது. தூரிகை எட்டிப் பார்த்தது. மேசைமேல், முகத்தில் சாயம் உரிந்த ஈயச் சிப்பாய் பொம்மை கிடந்தான்.

“அண்ணே,” என்றது தூரிகை, “பழைய பொம்மைக்கு மதிப்புப் போடுறவர் வர்றார். ஒரு பூச்சு பூசிக்குங்க. இல்லன்னா கண்ணாடி அலமாரி கிடையாது, உடைசல் டப்பாதான். பக்கத்துல அந்தக் குதிரைக்காரப் பொம்மையைப் பாருங்க, பூசிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி நிக்கிறார்.”

“நிக்கட்டும். ஒரு பிள்ளை தடவித் தடவித் தேஞ்ச முகம் இது. கிட்ட வராதே.”

மதிப்புப் போடுகிறவர் வந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்து, “இது புதுப் பூச்சு, பழைய மதிப்பு போச்சு” என்று குதிரைக்காரனை உடைசல் டப்பாவில் போட்டார். “இதுக்கு முகமே இல்லை” என்று சிப்பாயையும் போட்டார்.

குதிரைக்காரன் விசும்பினான்.

“அழாதேடா, சாயம் கரையும். தள்ளு, இங்கயும் காவலுக்கு ஆள் வேணும்ல” என்றான் சிப்பாய்.

துப்பாக்கியோடு நிமிர்ந்து, டப்பாவின் மூலையில் காவலுக்கு நின்றான்.