ஒரு ஜாடி வினிகர்

“வர்ற வழியில கீழ்வீட்டுப் பம்போஸைப் பாத்திருப்பீங்களே? அவன் ஒயின் அத்தனையும் புளிச்சு வினிகராப் போச்சு! கால் கழுவக்கூட ஆகாது!”

கோப்பைகளை நிரப்பிக்கொண்டே மருல்லா சொல்ல, பஸ்ஸில் வந்த சுற்றுலாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சைப்ரஸ் மலையில் எங்கள் ஊருக்கு ஒயின் ருசிக்க வருகிற பஸ்ஸெல்லாம் முதலில் பம்போஸ் வீட்டில்தான் நிற்கும். மருல்லாவுக்கு மிச்சம் மீதிதான். அதுக்காகப் பம்போஸோடு அவள் புருஷன் போடாத சண்டை இல்லை. போன குளிர்காலத்தில் புருஷன் போய்ச் சேர்ந்தான். இந்தக் கோடையில் ஒயின் விற்காவிட்டால், தோட்டத்தை விற்றுவிட்டு லிமசோல் பட்டணத்தில் மகள் வீட்டில் ஒண்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து பம்போஸே வாசலில் நின்று, “என் ஒயின் புளிச்சுப் போச்சுங்க, மேல போங்க” என்று பஸ்களை அனுப்ப ஆரம்பித்தான். செத்தாலும் ஒயின்காரன் வாயில் வராத வார்த்தை!

மருல்லாவுக்குக் கொண்டாட்டம். சிரிப்புச் சத்தம் கேட்கக் கேட்க இன்னும் குஷி ஏறியது.

“கேப்பர் செடித் தளிர்ல ஊறுகாய் போட வினிகர் வேணும். அவன்கிட்டயே கேக்கறேன், வேடிக்கை பாருங்க!”

ஜாடியோடு அவளும் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

பம்போஸ் அவளைப் பார்த்ததும் பதறிப்போனான்.

“வினிகரா? அது... தீர்ந்துபோச்சு மருல்லா.”

“அடேங்கப்பா! அத்தனை பீப்பாயையும் யாரு குடிச்சா? தள்ளுய்யா!”

அவனை ஒதுக்கிவிட்டு நிலவறைக்குள் போனாள். பெரிய பீப்பாயின் குழாயைத் திருகி, உள்ளங்கையில் பிடித்து நக்கினாள்.

தேனாக இறங்கியது.

அடுத்த பீப்பாய். அதுவும் அப்படியே. இப்படி ஒரு ஒயினை அவள் புருஷன்கூடப் போட்டதில்லை.

“என்னய்யா இது?”

“மெதுவாப் பேசு. வெளிய ஆளுங்க இருக்காங்க.”

“பம்போஸ்...”

“வேற என்ன பண்ணச் சொல்றே? உன் திராட்சைக் கொடியைக் கவாத்து பண்ண ஆள் அனுப்பினேன். ‘உன் பிச்சை வேண்டாம்’னு விரட்டி விட்டே. நான் சண்டை போட்டது உன் புருஷனோட. அவன் தோட்டத்தோட இல்ல.”

“உன் பொழைப்பு?”

“ஆலிவ் இருக்கு, ஓடும். நீ கிளம்பு.”

மருல்லாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல அவமானமாக இருந்தது.

வெளியிலிருந்து பஸ் டிரைவர் கத்தினான். “என்ன மருல்லா, வினிகர் கிடைச்சுதா?”

பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு.

பம்போஸ் ‘வேண்டாம்’ என்று கண்ணால் கெஞ்சினான். மருல்லா ஜாடியைக் குழாயடியில் வைத்து விளிம்பு வரை நிரப்பினாள். அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“எல்லாரும் இறங்கி வந்து குடிச்சுப் பாருங்க! புளிச்சுக் கிடந்தது இவன் ஒயின் இல்ல, என் நாக்கு!”