அதிகாரியின் பதில்கள்

"கீபோர்டு பக்கத்துல டீ கிளாஸ வச்சா கைய ஒடிச்சிருவேன்னு கத்துவாரு. ஆனா என் பொண்ணுக்கு ரத்தம் தேவைப்பட்டப்ப முதல்ல வந்து நின்னது அவர்தான்." சொல்லிவிட்டு எங்கள் சங்க வண்டியின் ஓட்டுநர் உட்கார்ந்தார்.

ஏரி காக்கும் எங்கள் சங்கத்தில் சிடுமூஞ்சி சாருக்கு இரங்கல் கூட்டம். தண்ணீரில் கலக்கும் விஷத்தைத் தானே அளந்து, தினமும் அரசு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும் கருவியை முதன்முதலில் செய்தவர் அவர்.

"பதினோரு வருஷம் ஒரு பதிலும் வரல. மனுஷர் வெறுத்தே போயிட்டார்," என்றார் தலைவர். "அப்புறம்தான் அங்கேருந்து ஒரு அதிகாரி மாசாமாசம் பதில் போட ஆரம்பிச்சார். அந்தப் புண்ணியவானக் கூப்பிட்டியாம்மா?"

"வர முடியலயாம் சார்," என்றேன்.

கூட்டம் முடிந்ததும் சிடுமூஞ்சி சாரின் மனைவி ஒரு கவரை என்னிடம் நீட்டினார். "உன் கையில மட்டும் குடுக்கச் சொன்னார்."

உள்ளே அந்த அதிகாரியின் கடிதங்கள் அத்தனையும் அச்செடுத்து இருந்தன. மேலே சிவப்பு மையில் சாரின் கிறுக்கல்:

'அறிவுகெட்டவளே, நம்ம சங்கத்து மெயில் சர்வரக் கட்டினதே நான். இதெல்லாம் உன் மேஜையிலேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா? ஏரி பிழைச்சிரும்னு நீ எழுதினாலும், அது செத்துப்போச்சுன்னும் தெரியும். நீ உடைஞ்சிடக் கூடாதேன்னுதான் அதிகாரிக்கு நானும் மறுபதில் போட்டேன்.'

என் கணினியிலிருந்து ஏரியின் இன்றைய விஷ அளவு அரசு அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனது. அந்தப் பக்கம் படிக்க என்றைக்குமே ஆள் இருந்ததில்லை. இனி எனக்குப் பதில் போடவும் ஆளில்லை.