பிரிக்காத அட்டை

"போலி மாத்திரையா விக்கறீங்க?"

மருந்துக்கடைப் படி ஏறும்போதே மகன் கத்தினான். பின்னால் அம்மா வந்தாள். பாதம் இரண்டும் பன் மாதிரி வீங்கியிருந்தன. நாலு படிக்கே மூச்சு இரைத்தது.

"டாக்டர் என்னை வறுத்தெடுத்துட்டார். இந்த மாத்திரையைப் போட்டா நீர் பிரிஞ்சு வீக்கம் வடியணுமாம். வடியவே இல்லை. உள்ளே என்ன, சுண்ணாம்பா?"

இருமல் மருந்துக்கு நின்ற பெரியவர் தலையாட்டினார். "பெத்தவளுக்காக இந்தக் காலத்தில் யாருங்க இப்படித் துடிக்கிறா?"

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"சார், மாத்திரையை முழுங்கினாத்தானே வடியும்?"

"என்ன உளர்றீங்க? மாசா மாசம் நானே வாங்கிட்டுப் போறேன்."

"நீங்க வாங்கறீங்க. மறுநாளே அம்மா திருப்பிக் கொண்டாந்து கொடுத்துடறாங்க. அட்டை பிரிக்காம இருந்தா எடுத்துக்குவோம். டாக்டரே நிறுத்திட்டார்னு சொன்னாங்க. நம்பிட்டேன்."

மகன் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா! அது இதயத்துக்கான மருந்தும்மா! உயிரோட விளையாடறியா? அந்தக் காசை யாருக்குக் கொடுத்தே? உன் செல்லப் பிள்ளைக்கா, சின்னவனுக்கா?"

அம்மா புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"காசா வாங்கலை சார். மேலே கொஞ்சம் போட்டு இதை வாங்கிட்டுப் போவாங்க."

கடைக்காரர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். பெரியவர்களுக்கான டயாபர்.

இருமல்காரர் இருமலை மறந்துவிட்டார்.

"தும்மினா, சிரிச்சா நிக்க மாட்டேங்குதாம். அந்த மாத்திரையைப் போட்டா கேட்கவே வேண்டாமாம்." கடைக்காரர் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டும் வாங்கக் கட்டுப்படி ஆகலை போல. ஒண்ணை விட்டுட்டாங்க."

மகன் கண் கலங்கிவிட்டான்.

"ஐயோ அம்மா! என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன வேத்து ஆளா?"

அம்மா அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னேனேடா. மாத்திரைன்னா பில் கொடுத்து ஆபீஸ்ல காசு வாங்கிக்கலாம், இந்தக் கண்றாவிக்கு எவன் தருவான், வீட்ல பழந்துணியா இல்லைன்னு கேட்டியே!"