காப்பு கட்டின வாரம்

டாக்டர் கோகுலகிருஷ்ணன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். எட்டுப் பெயர்கள். எட்டும் சிவப்பில்.

தைலம்மாள், துர்கா, ஜெயம் என்று எல்லாரும் எங்கள் தெருக்காரிகள். திண்டிவனம் கொட்டாய்மேட்டுத் தெருவின் கடைசியில், மாரியம்மன் கோயிலை ஒட்டிய எட்டு வீடு.

சிறுநீரகம் ஒழுங்காக இருந்தால் ரத்தத்தில் கிரியேட்டினின் ஒன்றைச் சுற்றியே நிற்கும். இங்கே நாலு புள்ளி ஒன்று, நாலு புள்ளி இரண்டு, மறுபடி நாலு புள்ளி ஒன்று.

விழுப்புரத்தில் இருக்கும் இந்த ஆராய்ச்சி ஆபீசில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆராய்ச்சி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. திண்டிவனம் டீச்சர்ஸ் காலனிக்காரர்கள் எண்பது வயதிலும் வாக்கிங் போகிறார்கள். அதே ஊரில் எங்கள் தெருக்காரர்கள் அறுபதைப் பார்ப்பதே பெரும்பாடாக இருக்கிறது. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்களைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் சொல்லியிருப்போம்.

வருஷம் ஒருமுறை அதே வீடுகளுக்குப் போய் அதே ஆட்களிடம் ரத்தம் எடுப்பேன். தெருவில் எனக்குக் கொசு என்று பெயர்.

எங்கள் வீடு மட்டும் கணக்கில் கிடையாது. ஆராய்ச்சியில் வேலை செய்கிறவர்களை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது என்பது விதி.

தெருக்கோடியில் குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே போகிறது என்று டாக்டர் நாலு வருஷமாக எழுதிப் பார்த்துவிட்டார். யாரும் அசையவில்லை. இப்போது ஒரே தண்ணீரைக் குடிக்கும் எட்டுப் பேருக்கு ஒரே அளவில் கெட்டிருக்கிறது, இதற்கு மேல் யாரும் தட்டிக்கழிக்க முடியாது என்றார். நல்ல மனுஷர்.

இவ்வளவு மோசமான நிலையில் அவர்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்று கேட்டார்.

நடமாட்டத்துக்கு என்ன குறை. நேற்றுக்கூடத் தைலம்மாள் தண்ணீர் லாரிக்காரனோடு மல்லுக்கு நின்று ரெண்டு குடம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு போனாள்.

நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். செருப்பு வார் அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது. நாளெல்லாம் நடக்கிற வேலை, கால் வீங்காமல் என்ன செய்யும் என்று ரெண்டு வருஷமாக வலி மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை ஆடி மூன்றாவது வாரம், ரத்தம் எடுக்க அந்த எட்டு வீடுதான் பாக்கி இருந்தது. போனால் எல்லார் கையிலும் மஞ்சள் காப்பு. கட்டிவிட்டால் கூழ் ஊற்றி முடிக்கிற வரை எங்கள் தெருவில் உடம்பில் ஊசி படக் கூடாது, ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது. தேதி குறித்த சென்னைக்காரர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். ஊசி பிடிக்கிற வேலை என்பதால் நான் மட்டும் காப்பு கட்டாமல் வருஷா வருஷம் ஆத்தாளிடம் லீவு சொல்லிவிடுவேன்.

"காப்பு கட்டிக்கினு ஊசி குத்திக்கச் சொல்றியே பரிமளா, ஆத்தா சும்மா வுடுவாளா? ஆடி போவட்டும், வா" என்றாள் தைலம்மாள்.

ஆடி போனால் ரத்தம் கொண்டுபோகிற வண்டியும் போய்விடும். சனிக்கிழமை காலை அது சென்னை லேபுக்குப் புறப்படுகிறது. எட்டுப் பேர் குறைந்தால் தெருவையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். தெரு போனால் குழாயைப் பற்றிப் பேச ஆளில்லை, எனக்கு வேலையும் இல்லை. பொய் எதற்கு, வேலைதான் முதலில் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை எட்டு டியூபும் பெயர் ஒட்டிப் பெட்டிக்குள் இருந்தன.

இப்படியே விட்டால் எவ்வளவு நாள் தாங்கும் என்று டாக்டரைக் கேட்டேன். ஒரு வருஷம், மிஞ்சினால் ரெண்டு, அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் மெஷின்தான் என்றார். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரித்தார். ஒரு பெண், பத்தாவது படிக்கிறாள் என்றேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

பாண்டி ஆஸ்பத்திரியில் எட்டுப் பேரையும் சேர்க்கச் சொல்லி வைத்திருந்தார். நாளைக் காலை தெருமுனைக்கு வேன் வரும், பேசி ஏற்றிக்கொண்டு போவது என் பொறுப்பு.

அங்கே மறுபடி ரத்தம் எடுப்பார்கள். இந்தத் தடவை அவர்களுடைய ரத்தத்தை. அதில் என்ன இருக்கிறது என்று இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

வண்டி புறப்படுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், தெருக்கோடியில் உடுக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் வீட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ரப்பர் பெல்ட்டைப் பல்லால் இழுத்துக் கட்டினேன். இடது கையிலிருந்து நாலு டியூப். வலது கையிலிருந்து நாலு.

இப்போது சொன்னால் வேலை போகும், டாக்டரின் குழாயும் அதோடு போகும். பயமாக இருந்தது. மகள் முகம் நினைவுக்கு வந்ததும் இன்னும் பயமாக இருந்தது.

டாக்டர் வேன் டிரைவரின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வேன் வேணாம் சார்" என்றேன். "போறது ஒரு ஆளுதான்."