தண்ணீர் தராத இன்ஸ்பெக்டர்

கொள்ளிடக் கரையில் குடியிருக்கும் மூக்கன் மகன் நல்லதம்பி, வயது எழுபத்து மூன்று, ஆகிய நான், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆற்றோரத்தில் ஒரு தண்ணீர்க் கம்பெனி ஆழ்குழாய்களை இறக்கி, இரவு பகலாக உறிஞ்சிப் பாட்டிலில் அடைத்து விற்கிறது. ஊர்க் கிணறுகள் வறண்டுவிட்டன. அந்தக் கம்பெனியின் உரிமத்தை மேலும் பத்தாண்டுக்கு நீட்டிக்க அரசு முனைந்தபோது, நாற்பது பேர் தட்டி ஏந்தி ஸ்ரீரங்கத்தில் மறியல் செய்தோம்.

என் தட்டியில் இருந்த வாசகம்: "ஆறு அரசுக்குச் சொந்தம். அரசு யாருக்குச் சொந்தம்?"

எங்களைக் கைது செய்து, வழக்கம்போல ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். அக்கினி நட்சத்திர வெயில். குழாயில் சொட்டு நீர் இல்லை. போதாக்குறைக்கு இன்ஸ்பெக்டர் பிரேமலதா வாசற்கதவைப் பூட்டி, சன்னல்களையும் சாத்தச் சொன்னார். தட்டிகளையே விசிறியாக்கிக் கொண்டோம்.

"தண்ணி குடுங்கம்மா. நாக்கு ஒட்டுது," என்றாள் வீராயி. கிணறு வற்றிய நாளிலிருந்து பக்கத்து ஊரில் போய்த் தண்ணீர் சுமப்பவள் அவள்.

"வரும். உக்காருங்க."

"எப்ப? எங்க கருமாதிக்கா?"

இன்ஸ்பெக்டரின் கைப்பேசி ஓயாமல் ஒலித்தது. "சரிங்க சார்... பாக்குறேங்க சார்," என்றபடியே நகர்ந்து போனார்.

"கம்பெனிக்காரனாத்தான் இருக்கும். உப்புப் போட்டவனுக்கு விசுவாசம்," என்றான் எங்கள் போராட்டக் குழுத் தலைவன் மாதவன்.

சற்று நேரத்தில் வீராயி மயங்கி விழுந்தாள். அதன்பின் வெகுநேரம் கழித்தே ஓர் ஆட்டோவில் குடங்கள் வந்திறங்கின. அக்கம்பக்கத்துப் புண்ணியவான்கள் அனுப்பியிருப்பார்கள் என்று வாழ்த்திக் குடித்தோம்.

மறுவாரம் திங்கட்கிழமை, குறைதீர் நாள். மாதவன் சொல்லச் சொல்ல நான் மனு எழுதினேன். கைதானவர்களுக்குக் குடிநீர் மறுத்த இன்ஸ்பெக்டர் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டோம். நாற்பது பேரும் கையொப்பமிட்டோம்.

இரண்டே நாளில் அவரைத் தொலைதூர மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"பாத்தீங்களா மாமா, கூடிக் கேட்டா நடக்கும்," என்று மாதவன் மார்தட்டினான். வீராயியும் நானும் உடன் நிற்க, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஜிலேபி வாங்கி, வருவோர் போவோருக்கெல்லாம் கொடுத்தான். அங்கே பணியில் நின்ற பெண் காவலர் டெல்பினிடமும் நீட்டினான். மண்டபத்தில் எங்களைக் காவல் காத்தவர் அவர்தான்.

"எனக்கு வேணாங்க."

"ஏம்மா, சுகர் இருக்கா?"

"அன்னைக்கு மண்டபத்து வாசல்ல கம்பெனி வேன் நின்னுச்சே, தெரியுமாங்க?"

தெரியாது என்றோம்.

"வேன் நெறைய ஐஸ் மாதிரி பாட்டில். கூட ரெண்டு போட்டோகிராபர். 'அந்தத் தண்ணியையே குடுங்க'ன்னு எங்க மேலதிகாரிங்க போன் மேல போன். ஒரு கையில தட்டி, ஒரு கையில கம்பெனி பாட்டில். அந்த ஒரு படம் போதாதா, உங்க போராட்டத்தைக் குழி தோண்டிப் புதைக்க?"

மாதவன் ஜிலேபிப் பொட்டலத்தை மடித்தான்.

"அப்ப சன்னலைச் சாத்தினது?"

"கேமராவுக்குத்தாங்க. பூட்டுச் சாவியைக் காணோம்னு சொல்லியே மேடம் சமாளிச்சாங்க. வேன் கெளம்புன அப்புறந்தான் சாவி கெடைச்சுது."

வீராயி மெல்லக் கேட்டாள்: "அந்தக் குடத்துத் தண்ணி?"

"எங்க குவார்ட்டர்ஸ் கொழாயில மேடமும் நானும் புடிச்சது."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னா, உத்தரவை மீறினதை அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதுங்களா? அவங்களை இங்கேருந்து தூக்கணும்னு கம்பெனி துடிச்சுச்சு. காரணந்தான் கெடைக்கல. நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க."

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. ஒரு பஸ்ஸை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார்.

கிணறுகள் வற்றியது குறித்து மூன்றாண்டுகளாக நாங்கள் கொடுத்த மனுக்களில் ஒன்றுக்கும் இதுவரை பதில் இல்லை. எங்களுக்காக நின்ற ஒரே அதிகாரியை அப்புறப்படுத்தக் கோரிய மனு மட்டும், 2025ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள், புதன்கிழமை, முழுமையாக ஏற்கப்பட்டுத் தீர்த்து வைக்கப்பட்டது.