குடும்பஸ்தன் விற்ற ஜீப்

"இது சேத்துல மாட்டிக்கிட்டா இறங்கித் தள்றது யாரு தம்பி, நீங்களா நானா?"

காஜா பேராங் சாலையோரப் பழைய வண்டிக் கடையின் வாசலில், ஜீப்பின் டயரைக் குடையால் தட்டியபடி கேட்டார் அப்பாசாமி. மச்சாப் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் ரப்பர்த் தோட்டம் வைத்திருப்பதாக வந்ததுமே சொல்லியிருந்தார்.

"ரெண்டு பேருமே இறங்க வேண்டாங்க ஐயா. நாலு சக்கரமும் இழுக்கும். வெள்ளைக்காரப் பட்டாளம் காட்டுல ஓட்டி, ஏலத்துல விட்டது," என்றான் விற்பனையாளன் கருணாகரன்.

மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்து நாடே ஒரு வருஷம் கொண்டாடி முடித்துவிட்டது. கருணாகரனின் வேலை மட்டும் இன்னும் தற்காலிகம். ஜீப்பை இன்று விற்றால் நிரந்தரம், விற்காவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்று முதலாளி ராஜரத்தினம் காலையில்தான் சொல்லியிருந்தார். வேலை நிலைக்காதவனுக்கு எவன் பெண் கொடுப்பான்? இருபத்தொன்பது வயதில், ஏற்கெனவே இரண்டு வீட்டார் கையை விரித்தாகிவிட்டது.

"பக்கத்துல நிக்கிற லாண்ட்ரோவர் எப்படி?"

"நல்ல வண்டிதாங்க. ஆனா கனம் கூட. உங்க பாதையில பாலம் இருக்கா?"

"ரெண்டு இருக்கு. தென்னமரத்தை வெட்டிப் போட்டது."

"அப்ப ஜீப்புதாங்க ஐயா. லாண்ட்ரோவரை ஏத்துனா மரம் தாங்காது."

விலை கூடுதலான வண்டியை இவன் ஏன் தள்ளிவிடவில்லை என்பதுபோல் அப்பாசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்டிக் காட்டுங்க. தார் ரோட்டுல வேணாம். நல்ல மோசமான பாதையாப் பார்த்துப் போங்க."

செங் பக்கம் ரப்பர்க் காட்டுக்குள் போகும் செம்மண் பாதைக்கு ஓட்டினான் கருணாகரன். முந்தின நாள் மழையில் அது பாதையாகவே இல்லை. பாதிச் சக்கரம் முழுகும் குழம்பாகக் கிடந்தது.

"இந்தக் கம்பியைத் தள்ளுனா முன்சக்கரமும் இழுக்கும். இது குட்டி கியர். வேகம் போகாது, ஆனா விடாது. சேத்துக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடியே போட்டுடணும். மாட்டுனப்புறம் போட்டுப் பிரயோசனமில்ல."

ஜீப் ஒருபக்கம் சாய்ந்தது, உறுமியது, சேற்றை வாரி அப்பாசாமியின் வெள்ளைச் சட்டையில் அடித்தது, மேடேறி நின்றது.

சட்டையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "சொந்த ஊரு எது தம்பி?" என்றார்.

"தம்பின். அப்பா ரயில்வேல இருந்தாருங்க."

"கள்ளுக்கடைப் பக்கமெல்லாம்?"

"அந்த வாடையே ஆகாதுங்க."

வண்டி வாங்க வந்தவர் விற்பவனின் பூர்வீகத்தைத் துருவுகிறாரே என்று தோன்றியது. சந்தேகப் பேர்வழி போலிருக்கிறது. ஆளை நம்பினால்தான் வண்டியை நம்புவார்.

"குடும்பம்?"

கேள்வி மெதுவாகத்தான் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ராஜரத்தினம் ஓதிய பாடம் கருணாகரனின் காதில் ஒலித்தது: 'ஒண்டிக்கட்டைன்னு சொல்லாதடா. நாளைக்கே ஓடிப்போயிடுவான்னு நினைப்பான். குடும்பஸ்தன்னா நம்புவான்.'

"சம்சாரம் இருக்குங்க."

அப்பாசாமியின் முகம் சட்டென்று விழுந்தது.

நம்பவில்லை மனுஷன். "ஒரு பையனும் இருக்கான்," என்று சேர்த்தான்.

முகம் இன்னும் விழுந்தது.

"அடுத்தது பொண்ணு. மூணாவது இப்பத்தான் தவழுது."

"மூணா?" அப்பாசாமியின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஆமாங்க. அந்த மூணு புள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன், இந்த ஜீப்பு உங்கள நடுவழியில விடாது."

திரும்பும் வழியெல்லாம் அவர் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். விற்பனை போய்விட்டது, கூடவே வேலையும் போய்விட்டது என்று கருணாகரன் மனதுக்குள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டான்.

கடை வாசலில் இறங்கிய அப்பாசாமி, ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்து, பெருமூச்சு விட்டார். "சரி. எழுதுங்க."

கருணாகரனுக்குக் காதுகளை நம்ப முடியவில்லை. அரை மணி நேரத்தில் கையெழுத்தெல்லாம் முடிந்தது. உள்ளேயிருந்து வந்த ராஜரத்தினம் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "பிழைச்சுக்கிட்ட லா. நாளையிலேருந்து நீ நிரந்தரம்."

கால் தரையில் பாவாமல் ஓடிப்போய் ஜீப்பின் கதவருகே நின்றான் கருணாகரன். "ரொம்ப நன்றிங்க ஐயா. ஏதாவது குறைன்னா எப்ப வேணா வாங்க."

"வண்டியில ஒரு குறையும் இல்ல தம்பி. அதைப் பத்தி நீங்க சொன்ன ஒவ்வொண்ணும் நெசம். அதனாலதான் வாங்குனேன்." அப்பாசாமி குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நான் ஜீப்பு வாங்கவே வரல. கல்யாணத் தரகர் பூங்காவனம்தான், 'அந்தக் கடையில கருணாகரன்னு ஒரு பையன், வேலை நிரந்தரமில்ல, ஆனா தங்கம். உங்க பொண்ணு சந்திரமதிக்குப் பொருத்தமா இருப்பான், சொல்லாமப் போய்ப் பாருங்க'ன்னு அனுப்பிச்சாங்க. வேலை என்ன பெரிய வேலை, தோட்டத்தையே பாத்துக்கட்டும்னு முடிவு பண்ணித்தான் வந்தேன். நல்லவேளை, உங்க வாயாலேயே தெரிஞ்சுது. இல்லாட்டி மூணு புள்ளைக்காரன் தலையில எம் மகளைக் கட்டியிருப்பாங்க அந்தம்மா."

குட்டி கியரைப் போட்டு, சரியாகக் கிளப்பி, சாலையேறும்போது கையசைத்தார். "வீட்டம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க தம்பி."