துருக்கட்டிக்குள் ஒரு பல்சக்கரம்

"இதுவும் அந்த மாதிரி பழைய மெஷின்தான் தம்பி. எங்க ஆளுங்க கடல்லேர்ந்து எடுத்தாங்க" என்று சொல்லி, சிப்பி ஒட்டிய துருக்கட்டியை என் மேசைமேல் வைத்தாள் கல்லிரோயி. கிரேக்கத்தின் சிமி தீவிலிருந்து கப்பலேறி வந்தவள். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள்.

பல்சக்கரங்களைச் சுழற்றிக் கிரகங்களின் போக்கைக் கணக்கிட்ட இரண்டாயிரம் வருஷத்து ஆண்டிகித்தேரா இயந்திரத்தை உடைக்காமலே உள்ளே பார்ப்பதற்காக, ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் அப்போது பெரிய எக்ஸ்ரே கருவி ஒன்றை இறக்கியிருந்தோம். அந்த இயந்திரத்தைக் கடலிலிருந்து எடுத்தவர்களும் சிமிக்காரர்கள்தான். என் மேலதிகாரி மான்தோஸுக்கு ஆசை வந்துவிட்டது.

"ஒரு தடவை போட்டுப் பாத்துடு" என்றார்.

திரையில் பல்சக்கரங்கள் தெரிந்தன. மான்தோஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். படத்தைப் பெரிதாக்கினேன். அவர் முகம் தொங்கிப்போனது.

"பாக்கெட் கடிகாரம்மா இது. நம்ம காலத்துது. மூடிக்குள்ள பேரு வேற வெட்டியிருக்கு. எங்க வேலையைக் கெடுத்துட்டீங்களே" என்றார்.

"என்ன பேரு?"

"சரந்திஸ்."

"நல்லா பாத்துச் சொல்லுங்கய்யா."

"சரந்திஸ்னுதான் இருக்கு. தெரிஞ்சவரா?"

"என் பிள்ளை. நான்தான் பேரு வெட்டிக் கொடுத்தேன். கடலடியில முங்கி கடற்பஞ்சு எடுக்கப் போன படகு திரும்பலை. உடம்பைப் பாக்காம துக்கத்துக்குக் கறுப்பு கட்டமாட்டேன்னு இருந்துட்டேன்." துருக்கட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கடிகாரம்னு சொல்லியிருந்தா நீங்க மெஷினைப் போட்டிருக்கமாட்டீங்க."

மான்தோஸ் உட்கார்ந்துவிட்டார்.

அவள் தலைத்துணியை அவிழ்த்து, துருக்கட்டியை அதில் சுற்றினாள். பிறகு பையிலிருந்து கறுப்புத் துணி ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஒருநாளும் கட்டாத புதுத்துணிதான். மடிப்பு இருந்த இடமெல்லாம் சாயம் வெளுத்திருந்தது.